ஜெனரேட்டர் வந்ததிலிருந்து கொடுவா மேலே வரவில்லை

கேள்வி: ஜொகூர் நீரிணையில், சிங்கப்பூரின் பூலாவ் உபின் தீவுப் பக்கம் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கிறேன். மேடையில் புது டீசல் ஜெனரேட்டர் பொருத்தியதிலிருந்து காலைத் தீனிக்கு மீன் மேலே வருவதில்லை, அடியிலேயே ஒண்டிக் கிடக்கிறது. ராத்திரியில் கீழே கடுகு பொரிவதுபோல் சடசடப்பு, இடையிடையே 'குர்குர்' என்றும் கேட்கிறது. மீன் வலியில் கத்துகிறதா? கடைக்காரர் வைட்டமின் பொடியும், ஜெனரேட்டருக்கு ஒலி தடுக்கும் பெட்டியும் வாங்கச் சொல்கிறார்.

பதில்: கத்துவது உங்கள் கொடுவா இல்லை ஐயா. சடசடப்பு சொடுக்கு இறாலின் வேலை. பெரிய கொடுக்கை அது வெடுக்கென்று மூடும்போது நீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது, அந்தச் சத்தம்தான். 'குர்குர்' பெரும்பாலும் கத்தாழை வகை மீன். சிந்தும் தீனியைத் தேடி வந்திருக்கும். நெட்டி என்கிறோமே, அந்தக் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்பும், அந்தி சாய்ந்தால் அதிகம். மலாயாவின் கிழக்குக் கரையில் முன்பு 'ஜுரு செலாம்' என்றே ஆள் இருந்தார். நீருக்குள் தலையை அமிழ்த்தி, சத்தம் கேட்டு மீன் கூட்டம் எங்கே என்று சொல்வார்.

இனி ஜெனரேட்டர். அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். அது பக்கத்துக் கூண்டுக்காரர் காதுக்கு நல்லது, மீனுக்கு ஒரு பயனும் இல்லை. காற்றில் வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் இறங்கும், மீதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மீனுக்குப் போவது போல்ட் வழியாகப் பலகைக்கும், பலகை வழியாக மிதவைக்கும் இறங்கும் அதிர்வு. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் நொடிக்கு 50 வெடிப்பு. அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் கூடவே வரும். கொடுவாவுக்குக் காது கேட்கும் எல்லைக்குள்தான் இவை விழுகின்றன. இதைச் சொல்லாமல் பெட்டி விற்பவரிடம், மேடை அதிர்வுக்கு என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

செய்ய வேண்டியது ரப்பர் கால். இதிலும் தப்பாக விற்கிறார்கள்: 200 கிலோ ஜெனரேட்டருக்கு, காலுக்கு 200 கிலோ தாங்கும் ரப்பர் நான்கு. அமுங்காத ரப்பரும் மரக்கட்டையும் ஒன்றுதான். எடையை நான்காகப் பிரித்து, காலுக்கு 50 கிலோ கணக்கில், பாரம் ஏறியதும் 4, 5 மில்லிமீட்டர் அமுங்குவதாகக் கேட்டு வாங்குங்கள். இன்ஜின் பக்கம் கனம் கூடுதல், அந்த இரண்டு காலுக்குச் சற்றுக் கூடுதல் தாங்குதிறன் வேண்டும். நட்டை இறுக்கி ரப்பரை நசுக்கிவிடாதீர்கள். புகைக்குழாய் மேடைச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அத்தனையும் வீண். வளையும் குழாய்த்துண்டு ஒன்று நடுவில் போடுங்கள். இடம் இருந்தால் தனி மிதவையில் வைத்து, இரும்புப் பட்டையால் பிணைக்காமல் கயிற்றால் கட்டுங்கள். அதுதான் உத்தமம்.

ஆனால் சீராக ஓடும் இரைச்சலுக்கு மீன் பழகிவிடும். டிரவுட் மீனை மாதக்கணக்கில் இரைச்சலான தொட்டியில் வளர்த்தும் வளர்ச்சி குறையவில்லை என்று அமெரிக்காவில் சோதித்திருக்கிறார்கள். திடீரென்று தொடங்கி நிற்பதுதான் அதை வெருட்டுகிறது. ஜெனரேட்டரை எதற்காக ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லையே! வலை தூக்கவும் கழுவவும் தரம் பிரிக்கவும் மட்டும் என்றால், அந்தச் சத்தம் வந்தால் வலை தூக்கப்போகிறார்கள் என்று மீன் கற்றுக்கொண்டிருக்கும். அந்த வேலைகளைத் தீனிக்குப் பின் தள்ளுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது நீரின் ஆக்சிஜன். அது குறைந்தாலும் மீன் தீனி எடுக்காது. விடியுமுன், 1 மீட்டர் ஆழத்திலும் 3 மீட்டர் ஆழத்திலும், கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஆக்சிஜன் அளக்கும் கருவி போட்டுப் பாருங்கள். உள்ளே மட்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் குறைவு என்றால் வலை அடைத்திருக்கிறது. வலையில் ஒட்டி வளரும் பச்சை மட்டி, கொட்டலசு இடுக்குகளில் சொடுக்கு இறால் குடியிருக்கும். உங்கள் சடசடப்பு எனக்கு அந்தச் சந்தேகத்தைத்தான் தருகிறது. வெளியிலும் 4க்குக் கீழே இருந்தால் தீனியை நிறுத்திக் காற்றூட்டுங்கள். 2014, 2015 தொடக்கத்தில் இதே நீரிணையில் பாசி பெருகிக் கூண்டு கூண்டாக மீன் செத்தது நினைவிருக்கும்.

வைட்டமின் பொடிக்கு வைத்த காசில் வலை கழுவ ஆள் வையுங்கள். மூன்று நாள் காலைத் தீனி முடியும்வரை ஜெனரேட்டரை ஓட்டாமல், ஆக்சிஜனையும் மீன் தின்ற அளவையும் குறித்து அனுப்புங்கள். காற்றூட்டி அதில்தான் ஓடுகிறதென்றால் மட்டும் நிறுத்த வேண்டாம்.