எச். பைலோரி கிருமிக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

எச். பைலோரி (ஹெலிகோபாக்டர் பைலோரி) என்பது இரைப்பையின் உள்சுவரில் குடியிருக்கும் சுருள் வடிவ பாக்டீரியா. இரைப்பை அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். இதுவோ யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் புகுந்துவிடும்.

அதை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சிதான் கேஸ்ட்ரைட்டிஸ். ஓதம் ஏறிய சுவரில் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கும், இல்லையா? இங்கும் அப்படித்தான். பல பத்தாண்டுகள் செல்கள் அழிந்து அழிந்து புதிதாக முளைப்பதில் அமிலச் சுரப்பிகள் தேய்கின்றன, குடல் செல்களைப் போன்றவை அந்த இடத்தைப் பிடிக்கின்றன, மரபணுப் பிழைகள் சேர்கின்றன; சிலருக்கு அது புற்றுநோயில் முடிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுக்காரணியாக (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியல்) வகைப்படுத்தியது.

கிருமி இருக்கிறதா என்பது மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பேன்டோபிரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை (மருத்துவரிடம் கேட்டு) 2 வாரம் முன்பே நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். முடிந்து 4 வாரமாவது கழித்து மறுபரிசோதனை வேண்டும்.

கிருமி இருந்தாலே புற்றுநோய் வரும் என்று பயப்படுகிறார்கள். தொற்றுள்ள 100 பேரில் சுமார் 1 முதல் 3 பேருக்குத்தான் அது வருகிறது.