முடி மாத்திரையும் தைராய்டு ரிப்போர்ட்டும்

காப்பீட்டுக்கான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 0.1 என்று குறைவு, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகம், ஆனால் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை என்கிறீர்கள். போகிற போக்கில், முடி உதிர்வுக்குத் தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். உங்கள் மாத்திரையில் இருப்பது அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல்! அது தைராய்டைக் கெடுப்பதில்லை, பரிசோதனையைக் கெடுக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் டி.எஸ்.எச். பொய்யாக இறங்கும், டி4 பொய்யாக ஏறும். பார்க்க அசல் ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது) போலவே இருக்கும். (மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின்கூட இப்படிக் குறைத்துக் காட்டப்படலாம், அது இன்னும் ஆபத்து.)

மாத்திரையைக் குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் எத்தனை நாள் என்று மருத்துவரைக் கேளுங்கள். மல்டிவைட்டமின் லேபிளில் 'வைட்டமின் பி7' என்று இருந்தாலும் அது பயோட்டின்தான். மறு ரிப்போர்ட்டை மருத்துவர் பார்க்கும் முன் தைராய்டு மருந்துக்கு அவசரப்பட வேண்டாம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இரண்டு ரிப்போர்ட்டையும் மருத்துவரின் குறிப்போடு எழுத்தில் அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள். மறு சோதனையிலும் அதே எண்கள் வந்தால் கோளாறு நிஜமாக இருக்கலாம். படிவத்தில் அதை மறைத்தால் கிளைம் சமயத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.