குதிரை இல்லாமல் குதிரைப் பராமரிப்புப் பயிற்சி தொடங்கலாமா?

கிளிநொச்சியில் உங்கள் இளைஞர் கழகத்திடம் குதிரை இல்லை, பயிற்சி தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். 1929இல் பிரித்தானியாவில் உருவான, பிள்ளைகளுக்கான குதிரைச் சவாரிக் கழகமான போனி கிளப்பில் சவாரியோடு பராமரிப்பும் பாடம். அமெரிக்காவின் 4-எச் என்ற இளைஞர் கழகங்களில் சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள்.

முதலில் தீனியைப் படிப்பியுங்கள். குதிரைக்கு இரைப்பை சிறியது, வாந்தி எடுக்கவும் முடியாது. மாட்டுக்கு வைப்பதுபோல ஒரேயடியாகத் தவிட்டைக் கொட்டினால் வயிற்றுவலி வந்து சாகவும் கூடும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய வேண்டும். வன்னி வெயிலில் நிழலும் எந்நேரமும் தண்ணீரும் கட்டாயம்.

அடுத்தது குளம்புச் சுத்தம். குளம்பின் அடியில் சேரும் அழுக்கைக் குதிப்பக்கமிருந்து நுனிப்பக்கமாகச் சுரண்ட வேண்டும். நடுவிலுள்ள மெத்தென்ற முக்கோணத்தில் கருவி குத்தக்கூடாது.

நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் பிடித்துவரும் எண்ணம் மட்டும் வேண்டாம். முதல் வகுப்புக்கே ஒரு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.