லோடிங் சுற்றிக்கொண்டே இருக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜாவாஸ்க்ரிப்ட்டில் ஒரு ப்ராமிஸை (பிறகு வரப்போகும் விடைக்கான பொருள்) கன்சோலில் போட்டுப் பார்த்தால் ‘பென்டிங்’ என்று அழகாகக் காட்டுகிறது. அதையே கோடுக்குள் ‘நீ முடிந்துவிட்டாயா?’ என்று கேட்க ஒரு வழியும் இல்லையே, ஏன் ஒளித்து வைத்திருக்கிறார்கள்? – கல்லூரி மாணவி

பதில்: தெரிந்தேதான் ஒளித்திருக்கிறார்கள். பென்டிங் (காத்திருக்கிறது), ஃபுல்ஃபில்டு (வந்துவிட்டது), ரிஜெக்டட் (தோற்றுவிட்டது) என்று ப்ராமிஸுக்கு மூன்றே நிலைகள், பென்டிங்கை விட்டு ஒரு தடவை நகர்ந்துவிட்டால் அப்புறம் மாறவே மாறாது. 2015-இல் மொழியின் தரநிலைக்குள் ப்ராமிஸ் வந்தபோதே இந்த நிலையை உள்ளுக்குள் பூட்டிவிட்டார்கள். கன்சோலைக் காட்டும் டெவலப்பர் டூல்ஸ் எஞ்சினுக்குள் கைவிட்டுப் பார்ப்பதால் அதற்குத் தெரிகிறது, உங்கள் கோடுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நம்மில் பாதிப் பேர் ‘பென்டிங்காக இருக்கும்வரை சுற்று’ என்று ஒரு வைல் (while) லூப் எழுதியிருப்போம். ஜாவாஸ்க்ரிப்ட் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலை என்று ஓடும் மொழி. அந்த லூப் முடிந்தால்தான் காத்திருக்கும் வேலைகளை எடுத்து ஓட்டும் ஈவன்ட் லூப்புக்கு முறை வரும், அதற்கு முறை வந்தால்தான் ப்ராமிஸின் நிலை மாறும், ஆக ரெண்டும் நடக்காமல் டேப் அப்படியே உறைந்துவிடும். இன்னொன்று, விடை கையில் இருந்தால் உடனே ஓடு, இல்லாவிட்டால் பிறகு ஓடு என்று எழுத ஆரம்பித்தால் அதே கோடு இன்று ஒரு வரிசையிலும் நாளைக்கு வேறு வரிசையிலும் ஓடும், அந்த பக்கை (கோளாறை) பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ப்ராமிஸ் எப்போதோ முடிந்திருந்தாலும் முடிந்ததும் ஓட்டு என்று ‘தென்’னுக்குள் கொடுத்த ஃபங்ஷன் பிறகுதான் ஓடும் என்ற விதி இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

மற்ற மொழிகளில் ப்ராமிஸுக்கு இணையானவற்றிடம் கேட்கலாம். சி ஷார்ப்பின் டாஸ்க்கில் ஸ்டேட்டஸுக்கு 8 மதிப்புகள் இருக்கின்றன, பைத்தானின் அசிங்க்ஐஓவில் ‘டன்’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரும், ஜாவாவிலும் 19-ஆம் பதிப்பிலிருந்து ஃப்யூச்சரிடம் நேரடியாக ஸ்டேட் கேட்கலாம். ஜாவாஸ்க்ரிப்ட்டிலும் ஒரு குறுக்கு வழி உண்டு: உங்கள் ப்ராமிஸை முதலில் வைத்து, ஏற்கெனவே முடிந்த இன்னொன்றை இரண்டாவதாக வைத்து எது முதலில் முடிகிறது என்று பார்க்கும் ‘ரேஸ்’ விட்டால், இரண்டாவது ஜெயித்தால் முதலாவது இன்னும் பென்டிங். டெஸ்ட் எழுதும்போது இது உதவும். ஆனால் நிஜ ஆப்பில் இது தேவைப்படுகிறது என்றால், நிலையை நீங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்று அர்த்தம். வேலையைத் தொடங்கிய இடத்திலேயே எழுதி வையுங்கள், ப்ராமிஸிடம் போய்க் கேட்க வேண்டிய அவசியமே வராது.

கேள்வி: நான் எழுதித்தான் வைக்கிறேன். லோடிங்கா, எரரா, சக்ஸஸா என்று மூன்று பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் வைக்கும் மாறி). ஆனால் சில சமயம் சுழலும் வட்டமும் சிவப்பு எரர் செய்தியும் ஒன்றாகத் தெரிகின்றன. – ரியாக்ட் கற்றுக்கொண்டிருப்பவர்

பதில்: மூன்று பூலியன் என்றால் 8 சேர்க்கைகள். அதில் உங்களுக்கு வேண்டியவை நான்குதான்: இன்னும் தொடங்கவில்லை, ஓடுகிறது, வந்துவிட்டது, தோற்றுவிட்டது. மிச்ச நான்கும் நடக்கக் கூடாதவை, ஆனால் நடக்காமல் தடுக்க உங்கள் கோடில் எதுவுமே இல்லை. மறுபடி முயற்சி பட்டனை அழுத்தும்போது லோடிங்கை ட்ரூ ஆக்கினீர்கள், பழைய எரரை ஃபால்ஸ் ஆக்க மறந்தீர்கள், முடிந்தது கதை. மூன்றையும் தூக்கிவிட்டு ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரே ஒரு ஸ்ட்ரிங் வையுங்கள், ஒரு நேரத்தில் அதில் ஒரு மதிப்புதான் இருக்க முடியும். டைப்ஸ்க்ரிப்ட் எழுதுகிறவர் என்றால் இன்னும் ஒரு படி போகலாம்: ஸ்டேட்டஸ் ‘வந்துவிட்டது’ என்றால் மட்டும் டேட்டா, ‘தோற்றுவிட்டது’ என்றால் மட்டும் எரர் என்று யூனியன் டைப்பாக எழுதிவிட்டால், லோடிங்கின்போது டேட்டாவைத் தொட்டாலே கம்பைலர் கத்தும். கத்தட்டும், யூசர் கத்துவதைவிட நல்லது.

பழைய டேட்டாவைத் திரையில் வைத்துக்கொண்டே பின்னால் புதுப்பிக்க வேண்டும் என்றால் ‘புதுப்பிக்கிறது’ என்று ஐந்தாவதாக ஒரு நிலை சேருங்கள், திரும்பவும் ஒரு பூலியனைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

கேள்வி: தேடல் பெட்டியில் வேகமாக டைப் செய்தால் கடைசி வார்த்தைக்கான முடிவு வந்து, ஒரு நொடி கழித்து பழைய வார்த்தையின் முடிவு அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டைப் செய்வது நிற்கும்வரை ரிக்வெஸ்ட்டைத் தள்ளிப்போடும் டிபவுன்ஸ் போட்டும் போகவில்லை. – ஃப்ரன்ட்எண்ட் வேலை பார்ப்பவர்

பதில்: டிபவுன்ஸ் எத்தனை ரிக்வெஸ்ட் போகிறது என்பதைக் குறைக்கும், போனவை எந்த வரிசையில் திரும்பி வரும் என்பதில் அதற்கு வேலையே இல்லை. ‘மது’வுக்கான பதில் சர்வரில் மெதுவாகவும் ‘மதுரை’க்கான பதில் வேகமாகவும் வந்தால் இப்படித்தான் ஆகும். ஓடுகிறதா என்று மட்டும் நிலை வைத்தால் போதாது, எது ஓடுகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு வரிசை எண் கொடுங்கள், பதில் வரும்போது அந்த எண் இன்னும் கடைசி எண்தானா என்று பாருங்கள், இல்லையென்றால் சத்தம் போடாமல் தூக்கிப் போடுங்கள். இந்தச் சோதனையை ட்ரையில் மட்டும் போட்டுவிட்டு கேட்ச் (தோற்றால் ஓடும் பகுதி), ஃபைனலி (எப்படி முடிந்தாலும் ஓடும் பகுதி) இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பழைய ரிக்வெஸ்ட்டின் ஃபைனலி ஓடி லோடிங்கை அணைத்துவிடும், புதியது இன்னும் வழியில் இருக்கும், யூசருக்கு வெறும் திரை. மூன்றிலும் போடுங்கள்.

கூடவே அபார்ட் கன்ட்ரோலர் வைத்து பழைய ஃபெட்ச்சை (சர்வரிடம் கேட்கும் ஃபங்ஷன்) பாதியில் நிறுத்தினால் நெட்வொர்க்கும் மிச்சம். அப்படி நிறுத்தியதும் ஒரு ரிஜெக்டாகத்தான் கேட்ச்சுக்குள் வரும், அதன் பெயர் அபார்ட் எரரா என்று பார்த்துக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள், ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று காட்டி மானத்தை வாங்காதீர்கள். ஆர்டர் போடுவது, பணம் கட்டுவது போன்றவற்றில் மட்டும் கவனம்: பிரவுசர் நிறுத்திவிட்டது என்பதற்காக சர்வரும் நிறுத்திவிட்டது என்று எண்ண முடியாது, அது பாட்டுக்கு முடித்திருக்கும்.

கேள்வி: சர்வர் 500 (தன்னிடம் கோளாறு என்ற கோடு) அனுப்புகிறது, என் ஆப் ‘வெற்றி’ என்கிறது.

பதில்: நெட்வொர்க் விழுந்தால் ஃபெட்ச் ரிஜெக்ட் ஆகும், 404 (கேட்டது இல்லை), 500 எல்லாம் அதன் கணக்கில் ஒழுங்காக வந்து சேர்ந்த பதில்கள். ரெஸ்பான்ஸில் ‘ஓகே’ ட்ரூவா என்று பாருங்கள், 200 முதல் 299 வரைதான் அது ட்ரூ.

கேள்வி: 20 படங்களை ஒன்றாக ஏற்றுகிறேன். ஒன்று தோற்றால் எது வந்தது, எது வரவில்லை என்றே தெரியவில்லை.

பதில்: பல ப்ராமிஸ்களுக்கு ஒன்றாகக் காத்திருக்கும் ‘ஆல்’ முதல் தோல்வியிலேயே கையை விரித்துவிடும், மற்றவை பின்னால் ஓடிக்கொண்டிருந்தாலும். 2020-இல் வந்த ‘ஆல்செட்டில்டு’ எல்லாம் முடியும்வரை காத்திருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிலையைக் கொடுக்கும். தோற்றதை மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: பெரிய ரிப்போர்ட் ஒன்று தயாராக 10 நிமிடம் ஆகிறது. நடுவில் யூசர் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் எல்லாம் போய்விடுகிறது. – பேக்எண்ட் புதியவர்

பதில்: ப்ராமிஸ் மெமரியில் வாழ்வது, பக்கம் போனால் அதுவும் போகும். இதற்கு நிலையை டேட்டாபேஸில் வையுங்கள். யூசர் கேட்டவுடன் அதில் ஒரு வரியை எழுதி, 202 (‘ஏற்றுக்கொண்டேன், இன்னும் முடியவில்லை’) என்ற கோடோடு ஒரு ஜாப் எண்ணையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வேலையை வொர்க்கர் (பின்னணியில் தனியாக ஓடும் ப்ராசஸ்) பார்த்துக்கொள்ளும், பிரவுசர் சில நொடிகளுக்கு ஒரு தடவை அந்த எண்ணின் நிலையைக் கேட்கட்டும். ரீஃப்ரெஷ் ஆனாலும் எண் யுஆர்எல்லில் இருந்தால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். எல்லாரும் கோட்டை விடும் இடம் வேறு: வொர்க்கர் பாதியில் செத்தால் டேட்டாபேஸில் ‘ஓடுகிறது’ என்று எழுதியது எழுதியபடியே நிற்கும், தோற்றேன் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் வொர்க்கர் ஓடும்போதே அந்த வரியில் நேரத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், நேரம் ரொம்பப் பழசாகிவிட்ட வரியை இன்னொரு ப்ராசஸ் எடுத்து ‘தோற்றது’ என்று மாற்ற வேண்டும். முதலில் ஒரு தடவை வொர்க்கரை நீங்களே கில் செய்து பாருங்கள், இது வேலை செய்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.