உறுதிப்பூசுதலுக்கு ஞானத்தாயாக யார் நிற்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. அடுத்த மாதம் உறுதிப்பூசுதல் என்னும் திருவருட்சாதனத்தைப் பெறவிருக்கிறாள். திருமுழுக்கின்போது ஞானத்தாயாக நின்றவர் கனடாவில் இருக்கிறார், வர வசதியில்லை. நானே நிற்கலாமா? அல்லது அவளைத் தூக்கி வளர்த்த என் அக்கா நிற்கலாமா? அவர் இந்து சமயத்தவர். சடங்கை நடத்தும் ஆயர் கன்னத்தில் அறைவார் என்று அப்பம்மா சொன்னதிலிருந்து பிள்ளை பயந்துபோயிருக்கிறாள்.
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் பிள்ளையின் பயத்தைப் போக்குவோம். அப்பம்மா சொன்னது கற்பனையல்ல. கிறிஸ்துவுக்காகத் துன்பப்படவும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று நினைவூட்ட, பழைய சடங்கில் ஆயர் கன்னத்தில் மெதுவாகத் தட்டுவார். திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1971 இல் திருத்தப்பட்ட சடங்கில் அது இல்லை. இன்று ஆயர் அமைதி கூறி வாழ்த்துவார், அவ்வளவுதான்.

தாயோ தந்தையோ, பிள்ளையின் விசுவாச வாழ்வுக்குத் துணையாகும் ஞானப்பெற்றோரின் இடத்தில் நிற்கத் திருச்சபைச் சட்டம் இடந்தருவதில்லை. நிற்பவர் பொதுவாக 16 வயது நிறைந்தவராகவும், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று விசுவாசத்தின்படி வாழும் கத்தோலிக்கராகவும் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் அக்காவும் நிற்க இயலாது. இதை அவர் பிறர் வாயால் கேட்க நேர்ந்தால் மனம் நோவார். மகளே போய்ப் பக்குவமாகச் சொல்லி, பெரியம்மாவை முன்வரிசையில் வந்து அமரும்படி அழைக்கட்டும்.

திருமுழுக்கின் ஞானத்தாயே நிற்பது விரும்பத்தக்கது என்று சட்டம் கூறுவதன் காரணத்தைச் சடங்கிலேயே காணலாம். மகள் கைக்குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றபோது அவளுக்காகப் பெரியவர்கள் கொடுத்த வாக்குறுதிகளை, மறையுரைக்குப் பின் அவளே தன் வாயால் புதுப்பிக்கிறாள். அதன்பின் ஆயர் கைகளை விரித்து எல்லோருக்காகவும் மன்றாடுகிறார். ஞானத்தாய் தன் வலக்கையை அவளது தோளில் வைத்து நிற்க, ஆயர் ஒலிவ எண்ணெயில் நறுமணப் பிசின் கலந்து அர்ச்சிக்கப்பட்ட கிறிஸ்மா தைலத்தால் அவளுடைய நெற்றியில் சிலுவை வரைந்து, தூய ஆவியின் கொடையால் முத்திரையிடுகிறார்.

கனடாவில் இருப்பவர் வர இயலாததால் அவருடைய ஞானத்தாய்மை அற்றுப்போவதில்லை. அந்த நாளுக்காக மகளுக்கு ஒரு கடிதம் எழுதுமாறு கேளுங்கள். தோளில் கை வைப்பவரோ அருகிலேயே இருப்பவராக இருக்கட்டும். வசதியான உறவினரை அழைத்து, பரிசுப் பொதியோடு உறவை முடித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெருகுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் மகள் தானாகவே நின்று பேசும் பெண்மணி ஒருவர் இருப்பார். மறைக்கல்வி ஆசிரியையாகவும் இருக்கலாம். அவரிடம் மகளே போய்க் கேட்கட்டும். அவர் இசைந்ததும் பெயரைப் பங்குத்தந்தையிடம் தாமதமின்றிக் கொடுங்கள். அந்தப் பெண்மணி வெள்ளவத்தை போன்ற வேறு ஆலயப் பங்கைச் சேர்ந்தவரானால், அவருடைய தகுதி பற்றி அங்கிருந்து ஒரு கடிதம் கேட்கப்படக்கூடும்.