தாத்தாவின் புத்தகம் எங்கே இருக்கும்?

கேள்வி: என் தாத்தா 1961-ல் திருநெல்வேலியில் உழவுப் பாடல்களைத் தொகுத்து, சொந்தச் செலவில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். எங்களிடம் இருந்த ஒரே பிரதி 2005 ஜூலை வெள்ளத்தில் ஊறிப்போய்விட்டது. கொல்கத்தா தேசிய நூலகத்தில் கிடைக்கும் என்கிறார்கள். போகலாமா?
- ஒரு வாசகி, மாதுங்கா

பதில்: போகலாம், ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் உங்கள் ஊரிலேயே ஒரு தடவை தேடிவிடுங்கள். 1954-ல் வந்த ஒரு சட்டப்படி, இந்தியாவில் எந்த மொழியில் புத்தகம் போட்டாலும் வெளியிட்டவர் 30 நாளுக்குள் தன் செலவில் பிரதிகள் அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாராவுக்கு ஒன்று, டெல்லி பொது நூலகத்துக்கு ஒன்று, அப்புறம் மும்பையில் ஃபோர்ட் டவுன் ஹாலில் இருக்கும் மத்திய நூலகத்துக்கு ஒன்று. மாதுங்காவில் லோக்கல் ஏறி வி.டி.யில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பழைய தமிழ்ப் புத்தகங்களை இப்போது எந்தக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பிரதி அனுப்பாதவருக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய், கூடவே புத்தகத்தின் விலை. அவ்வளவுதான். அதனால் சொந்தமாக அச்சடித்தவர்கள் பலர் அனுப்பாமலே விட்டிருக்கலாம், சிலர் ஒரு இடத்துக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். நான்கு இடத்திலும் தேடுங்கள். கன்னிமாராவைக் கட்டாயம் பாருங்கள், சென்னைக்கு ஏதோ வேலையாக வந்தபோது தாத்தா கையோடு கொடுத்துவிட்டுப் போயிருக்கவும் கூடும்.

கொல்கத்தாவில் கிடைத்தால் ஒரு லாபம் உண்டு. அங்கே போகும் பிரதி, இருப்பதிலேயே நல்ல தாளில், படங்களோடு, தைத்தோ கட்டியோ இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மற்ற மூன்று நூலகங்களுக்கும் கடையில் விற்கிற பிரதி போதும். கொல்கத்தாவில் தமிழுக்கு என்ன இருக்கப்போகிறது என்று நினைக்க வேண்டாம், தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவரும் உங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

நூலகப் பட்டியலில் தேடும்போது பலர் தடுக்கி விழுவது எழுத்துக்கூட்டலில்தான். தமிழ்த் தலைப்புகளைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் பதிந்திருப்பார்கள், அதில் ழகரத்துக்கு நாம் போடுகிற 'இசட்-எச்' வராது. 'எல்' போட்டு அடியில் ஒரு கோடு இழுப்பார்கள், கணினிப் பதிவில் அந்தக் கோடும் காணாமல் போய்விடும். ஆக, 'உழவு' என்பதை வெறும் 'எல்' வைத்தும் தேடுங்கள். தாத்தா பெயரை இனிஷியல் முன்னால், பின்னால், இனிஷியலே இல்லாமல் என்று மூன்று விதமாகவும் போட்டுப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால், தலைப்பு, ஆண்டு, ஊர், அச்சகத்தின் பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதித் தமிழ்ப் பிரிவு ஊழியரிடம் கேளுங்கள். கணினியில் ஏறாத பழைய அட்டைகளில் இருந்துகூட எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

இப்படிச் சட்டப்படி வந்த பிரதியைப் பொதுவாக அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். நகல் கேட்டால் பதிப்புரிமை பற்றிக் கேட்பார்கள். எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை உண்டு, தாத்தா அதை யாருக்கும் விற்காத பட்சத்தில் இன்று அது வாரிசுகளுடையது. உறவைக் காட்டும் ஆவணமும் குடும்பத்தாரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும். தாள் நொறுங்குகிற நிலையில் இருந்தால் நகல் எடுக்க விடமாட்டார்கள், அப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பாடல்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள். சின்னப் புத்தகம்தானே, இரண்டு நாளில் முடிந்துவிடும்.

கேள்வி: என் கவிதைகளை நானே 200 பிரதி அச்சடித்திருக்கிறேன். ஐ.எஸ்.பி.என். கூட வாங்கவில்லை. நானும் நூலகங்களுக்கு அனுப்ப வேண்டுமா?
- ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: அனுப்பத்தான் வேண்டும். வெளியீட்டாளர் நீங்கள்தான், அந்த எண் இல்லை என்பதால் கடமை போய்விடாது. மேலே கேட்டவருடைய நிலைமை உங்கள் பேத்திக்கு வர வேண்டாம். நான்கு பிரதியையும் இந்த வாரமே பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நூலகம் எழுத்தில் ரசீது தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.