அப்பத்தாவின் சேலை – கடிதம்

அன்புள்ள சார்,

மதுரையில் ஐடி வேலையில் இருக்கிறேன். எங்கள் அப்பத்தாவும் தாத்தாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. 1948-ல் கல்யாணம் முடிந்து சில நாட்களில் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. கருப்பு வெள்ளை. போன மாதம் அப்பத்தாவின் நினைவு நாளுக்காக அதை ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு அப்பத்தாவின் பொட்டுக்கும் சேலைக்கும் மட்டும் சிவப்பு கொடுத்தேன். சேலை முதலில் ரோஸ் மாதிரி வந்தது. லேயரை 'கலர்' மோடிலிருந்து 'மல்டிப்ளை'க்கு மாற்றி நன்றாக இருட்டாக்கிய பிறகுதான் அசல் அரக்கு கிடைத்தது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். அப்பத்தாவின் தங்கை மட்டும், அவருக்கு எண்பத்தேழு வயது, படத்தைப் பார்த்துவிட்டு "இது யாரு சேலை?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் போட்டோகிராபர் நண்பன் ஒருவன் "இது கல்யாண ஆல்பம் வேலைடா, மலிவான ரசனை" என்கிறான். நிஜமாகவே மலிவா? கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரு இடத்துக்கு மட்டும் நிறம் கொடுப்பது தவறா? இன்னொன்று, சேலை ஓரத்தில் நிறம் கைமேல் வழிகிறது. இதைவிட நல்ல மென்பொருள் உண்டா? இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக நானும் வீட்டில் கிடந்த பழைய படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் மென்பொருள் கேள்விக்கெல்லாம் நான் பதில் எழுதுவதில்லை. நிறம் ஓரத்தில் வழிந்தால் மாஸ்க்கை, அதாவது நிறம் எதுவரை படலாம் என்று நீங்கள் போட்ட எல்லையை, பெரிதாக்கிப் பார்த்துப் பொறுமையாகத் திருத்துங்கள். சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நண்பர் சொன்னதையும் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது. கணினியில் வடிவமைத்து அச்சிடுகிற கரிஷ்மா ஆல்பம் வந்த புதிதில் எந்தக் கல்யாண ஆல்பத்தைத் திறந்தாலும் ஒரு பக்கம் அப்படி இருக்கும். மண்டபமே கருப்பு வெள்ளை, பெண்ணின் சேலை மட்டும் சிவப்பு. இல்லாவிட்டால் மாப்பிள்ளை கையில் ஒரு ரோஜா. பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் சலித்துப்போனது. ஆனால் சலிப்பு என்பது சிவப்பின் குற்றமா? சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1925-லேயே 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தில் இதைச் செய்துவிட்டார். முழுப் படமும் கருப்பு வெள்ளை, கப்பலில் ஏறும் கொடி மட்டும் சிவப்பு. பிலிம் சுருளில் ஒவ்வொரு கட்டமாகக் கையால் தீட்டியது. அதை மலிவு என்று சொல்ல உங்கள் நண்பருக்கு வாய் வராது.

அந்தக் கொடியைப் பற்றி இன்னொரு விஷயம் உண்டு. படப்பிடிப்பில் ஏற்றியது வெள்ளைக் கொடி. சிவப்புக் கொடியை ஏற்றியிருந்தால் அன்றைய பிலிமில் அது கருப்பாக விழுந்திருக்கும். கருப்பின் மேல் என்ன நிறத்தைத் தீட்டினாலும் எடுபடாது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலிமுக்கு முன்னால் படம் பிடித்தது வெள்ளி உப்பு பூசிய கண்ணாடி பிளேட்டுகளில். அவற்றுக்கு இயற்கையாக நன்றாகத் தெரிந்த நிறம் நீலம்தான். பச்சையும் மஞ்சளும் ஏறக்குறைய பதியாது, சிவப்பு சுத்தமாகத் தெரியாது. அதனால்தான் அந்தக் காலப் படங்களில் ஆகாயம் மேகமே இல்லாமல் வெள்ளைத் துணி போலக் கிடக்கிறது. 1873-ல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், பிளேட்டில் ஒரு சாயத்தைச் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார். சிவப்பும் சேர்த்து எல்லா நிறமும் பதிகிற பான்க்ரோமாட்டிக் பிளேட்டுகள் 1906 வாக்கில்தான் கடைக்கு வந்தன. வந்த பிறகும் பழைய வகை பல காலம் புழக்கத்தில் இருந்தது. காரணம் எளிது. சிவப்பு தெரியாத பிளேட்டை டார்க் ரூமில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். எல்லா நிறமும் தெரிகிற பிளேட் என்றால் கும்மிருட்டில் தடவித்தான் கழுவ வேண்டும். பிரிண்ட் போடும் காகிதத்துக்கும் சிவப்பு தெரியாது. டார்க் ரூம் என்றாலே நம் மனதில் ஒரு சிவப்பு பல்பு எரிகிறதே, அது இதனால்தான்.

இப்போது நீங்கள் அனுப்பிய மூலப் படத்தைத் திறந்து பாருங்கள். அப்பத்தாவின் பொட்டு கன்னங்கரேல் என்று இருக்கிறது. சாந்துப் பொட்டாக இருக்கலாம். குங்குமமாகவும் இருக்கலாம், சிவப்பு தெரியாத பிளேட்டில் குங்குமம் கரியாகத்தான் விழும். சரி. சேலை எப்படி இருக்கிறது? வெளிர் சாம்பல். மடிப்பில் விழுந்த நிழல்கூடத் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வெளுப்பு. ஒரே படம், ஒரே வெளிச்சம். அதில் ஒரு சிவப்பு கரியாகவும் இன்னொரு சிவப்பு பால்போலவும் விழுமா? இரண்டுக்கும் சிவப்புத் தீட்டியிருக்கிறீர்களே, இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருந்தே தீர வேண்டும். நல்ல அரக்கு எந்த பிளேட்டாக இருந்தாலும் இவ்வளவு வெளுக்காது.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தப் படமே உங்களிடம் சொல்லியிருக்கிறது. 'கலர்' மோட் என்ன செய்யும்? கீழே இருக்கும் படத்தின் வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே நிறத்தை மட்டும் ஏற்றும். நீங்கள் சிவப்பு போட்டீர்கள், ரோஸ் வந்தது. 'இந்தச் சேலை இவ்வளவு வெளிச்சமானது, இதில் உன் அரக்கு உட்காராது' என்று படம் மறுத்தது. அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். நீங்களோ கீழே இருப்பதை இருட்டாக்குகிற 'மல்டிப்ளை'க்குப் போய், அதன்மேல் இருட்டையும் ஏற்றி, படத்தின் வாயை அடைத்துவிட்டு 'அசல் அரக்கு கிடைத்தது' என்று எழுதுகிறீர்கள். எதன் அசல் அது? கல்யாணப் பெண் என்றால் அரக்குச் சேலை என்று உங்கள் தலையில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், அதன் அசல்.

அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குப் போகும்போது முகூர்த்தச் சேலையைத்தான் கட்டுவார்கள் என்றும் கிடையாது. உங்கள் கடிதப்படியே கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து எடுத்த படம். மறுவீட்டுக்கு எடுத்த சேலையாக இருக்கலாம், நாத்தனாரிடம் இரவல் வாங்கியதாக இருக்கலாம். ஸ்டுடியோவுக்கென்று நல்ல சேலையும் நகையும் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் சாதாரணம்.

எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் டச்சிங் வேலை பார்த்த ஒருவரை எனக்குச் சின்ன வயதில் பழக்கம். பள்ளிக்கூடம் விட்டால் அவர் மேஜை பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். சரிவாக ஒரு பலகை, நடுவில் கண்ணாடி, அதன்மேல் நெகட்டிவ். ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை ஒவ்வொரு புள்ளியாக அடைப்பார். கலர் கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் வழவழப்பில்லாத காகிதத்தில் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொள்வார். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய்ச் சாயத்தைத் தொட்டுத் தேய்த்து, கண்ணிலும் பல்லிலும் ஏறியதைச் சுத்தமான பஞ்சால் துடைத்து எடுப்பார். கன்னம் முதலில், நகை கடைசியில். மூக்குத்திக்கு ஒரு மஞ்சள் புள்ளி, அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த வெள்ளை விழுந்ததும் முகமே எழுந்து உட்கார்ந்ததுபோல இருக்கும்.

வேலையில் கை வைக்கும் முன் அவர் கேட்காமல் இருந்ததில்லை. "சேலை என்ன கலரு? கரை என்ன? ரவிக்கை அதே கலரா, வேறயா?" சொல்வதை எல்லாம் கவரின் மேல் பென்சிலால் குறித்துக்கொள்வார். கேட்காமல் வைக்கச் சொன்னால் வைக்கமாட்டார்.

ஒருநாள் சந்தையில் பூ விற்கிற அம்மா ஒருவர் வந்தார். படம் எடுத்த அன்று அவர் கட்டியிருந்ததை நானும் பார்த்தேன், சாயம் போன நூல் சேலை, என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. இவர் வழக்கம்போலக் கேட்டார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து "மயில் கழுத்துக் கலரு போட்டுருங்க" என்றார். இவரும் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் குறித்துக்கொண்டார். அவர் போனதும் நான் "அண்ணே, அது பொய்யில்ல?" என்றேன். "அவ படம், அவ சேலை. ஒனக்கென்னடா?" என்று தலையில் ஒரு தட்டு தட்டினார். நீலத்தையும் பச்சையையும் மாற்றி மாற்றித் தேய்த்து அந்த மயில் கழுத்தைக் கொண்டுவர அவர் பட்ட பாடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதுவும் பொய்தான், உங்களுடையதும் பொய்தான். அந்தப் பொய்யைச் சொன்னது படத்தில் இருந்தவள். உங்கள் படத்தில் இருப்பவளுக்குப் பேச வாய் இல்லை. அவளுக்காகப் பேச ஒரே ஒருத்தி மிச்சம் இருக்கிறாள். அவள் பேசினாள், நீங்கள் சிரித்தீர்கள்.

கடிதத்தில் அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1948-ல் உங்கள் சின்ன அப்பத்தாவுக்குப் பத்து வயது இருக்கும். அக்கா கல்யாணத்தில் ஒரு பத்து வயதுப் பெண்ணின் கண் எங்கே போகும்? சேலைக்கும் நகைக்கும் பலகாரத்துக்கும்தான். அக்காவுக்கு எடுத்த சேலைகளில் எத்தனையை ஆசையாகத் தொட்டுப் பார்த்திருப்பாள், பிறகு எதைப் பாவாடையாகத் தைத்துக்கொண்டாள் என்றெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எழுபது வருஷத்துக்கும் மேலாக உள்ளே வைத்திருந்த ஒரு நிறத்தோடு உங்கள் அரக்கை ஒப்பிட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றதும் "இது யாரு சேலை?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் குரூப்பில் ஒழுங்காகப் படத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அழுத மற்றவர்கள் எல்லாம் சிவப்பைப் பார்த்து அழுதவர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. அப்பத்தாவின் படத்தை உட்கார்ந்து ஸ்கேன் செய்து, மணிக்கணக்கில் அவள் முகத்தோடு இருந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வேறு யார் அதைச் செய்தார்கள்? அந்தப் பிரியம் எனக்குத் தெரியாமல் இல்லை. பிரியம் இருக்கிறவனுக்குத்தான் திட்டி எழுதத் தோன்றுகிறது.

தானாகவே நிறம் போடும் செயலிகளுக்குப் போய்விடாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்கு உங்கள் அப்பத்தாவைத் தெரியாது. லட்சக்கணக்கான படங்களில் பெரும்பாலானவர்கள் என்ன கட்டியிருந்தார்களோ அதை உங்கள் அப்பத்தாவுக்கும் கட்டிவிடும். போகப்போக முகத்திலும் கை வைக்கத் தோன்றும். கம்போடியாவில் எழுபதுகளில் சர்வாதிகார ஆட்சி நடத்திய துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் கருப்பு வெள்ளைப் படங்களுக்கு 2021-ல் ஒருவர் நிறம் போட்டார். சில முகங்களில் சிரிப்பையும் வரவழைத்திருந்தார். அந்த நாட்டு அரசே கண்டித்தது, வெளியிட்ட இடத்திலிருந்து படங்களை எடுத்துவிட்டார்கள். உங்கள் சேலையை அதோடு வைத்துப் பேசுவது அதிகப்படிதான். ஆனாலும் கேட்காமல் தொடுகிற கை ஒன்றுதான்.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை சின்ன அப்பத்தாவைப் போய்ப் பாருங்கள். போனை எடுக்காதீர்கள். உங்கள் அரக்கை மறுபடி காட்டினால் அது அவர் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். பழைய பிரிண்ட்டைக் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, சும்மா பேசவிடுங்கள். சேலை என்ன நிறம், கரை என்ன, யார் எடுத்துக் கொடுத்தது, பொட்டு சாந்தா குங்குமமா. அவசரப்படுத்த வேண்டாம். வெங்காயச் சருகு என்பார், கத்தரிப்பூ என்பார், மாம்பழ மஞ்சள் என்பார். நீங்கள் பாதிப் பேரைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அப்படி ஏதாவது சொன்னால் துணிக்கடைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய், விரித்துப் போடச் சொல்லி, "இதுவா, இதுவா" என்று கேளுங்கள். அப்புறம் போட்டோஷாப்பைத் திறக்கலாம். 'கலர்' மோடிலேயே வைத்துப் பாருங்கள். அவர் சொன்ன நிறம் சரி என்றால், அனேகமாக எந்த இருட்டும் ஏற்றாமலே உட்கார்ந்துவிடும். ஞாபகம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் சாம்பலாகவே விடுங்கள்.

அவர் சொன்னதை அன்றைக்கே படத்தின் முதுகில் எழுதி, தேதியும் சொன்னவர் பெயரும் போடுங்கள். மென்மையான பென்சிலால், ஓரத்தில். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.

அன்புடன்